நீச்சல் குளத்தில் வெந்தயக் கீரை

கேன்சஸ் நெடுஞ்சாலை ஓரத்தில் நாற்பத்தெட்டு அறை ஹோட்டல் ஒன்றை நடத்திவந்தார் தீரஜ்பாய் பக்தா. மனைவி ரஞ்சன்பென்னுக்கு அடுத்தபடி அவர் பயந்தது 'ப்ரெய்ரி நெஸ்ட்' கம்பெனிக்குத்தான். கட்டடம் அவருடையது, வாசலில் எரியும் பெயர் அவர்களுடையது. அந்தப் பெயருக்காக அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் தலையணைத் தடிமன் இருக்கும். ஏழு வருஷத்துக்கொருமுறை அதைக் காட்டி, எதையெதை மாற்ற வேண்டும் என்று பட்டியல் அனுப்புவார்கள்.

இந்த முறை திரைச்சீலை, கம்பளம், குழாய் எல்லாம் தாண்டி அறுபத்தோராவது வரி: நீச்சல் குளத்தைப் பழுது பார்க்கவும், அல்லது மூடவும்.

தீரஜ்பாய் மூடினார். லாரி லாரியாக மண் கொட்டி, விளிம்புக்கு மூன்றடி கீழே வந்ததும் போதும் என்று நிறுத்திக்கொண்டார். அவ்வளவு மண்ணைச் சும்மா விட ரஞ்சன்பென்னுக்கு மனசு வரவில்லை. ஒரே மாதத்தில் வெந்தயக் கீரை தளதளவென்று நின்றது.

ஏணியைக் கழற்றலாமா என்று தீரஜ்பாய் கம்பெனியைக் கேட்டார். குளத்தை மூடத்தான் அனுமதியாம். ஏணி, மிதவை வளையம், 'ஆழம் எட்டடி, குதிக்காதீர்' பலகை இவற்றில் கை வைக்கத் தனி மனு, தனி வரைபடம் வேண்டுமாம். அவர் எதையும் தொடவில்லை. கீரைப் பாத்தியின் ஓரத்தில் 'குதிக்காதீர்' பலகை கம்பீரமாக நின்றது.

மே மாதம் ஒரு காலையில் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்தார் டார்லீன் ஹூபர். கையில் கேள்விப் பட்டியலோடு கம்பெனியின் டேப்லெட். அறைகளெல்லாம் தேறின. கடைசியில் குளத்தருகே வந்து நின்றார்.

"மிஸ்டர் பக்தா, தண்ணி தெளிவா இருக்கா?"

"தண்ணியே இல்லையே மேடம். மூடியாச்சு."

"அது எனக்கும் தெரியுது. இதுக்குத் தெரியலையே. பதில் போடாம அடுத்த பக்கம் போக மாட்டேங்குது."

"இல்லைன்னு போடுங்க."

"போட்டா ஹோட்டலையே மூடச் சொல்லும்."

ரஞ்சன்பென் கீரைக்கு ஊற்றிக்கொண்டிருந்த பூவாளியை நீட்டினார். "இந்தத் தண்ணியப் பாருங்கம்மா. கண்ணாடி மாதிரி இருக்கு."

டார்லீன் யோசித்தார். சோதனைக் காகிதத்தைப் பூவாளிக்குள் முக்கினார். ஊர்க் குழாய்த் தண்ணீர். குளோரின் கச்சிதமாக இருந்தது. "தேறிடுச்சு!" என்றார், அவருக்கே நம்ப முடியாமல்.

அடுத்த கேள்வி, ஏணி ஆடுகிறதா? அவர் கடமை தவறாதவர். ஒவ்வொரு படியாக மிதித்து இறங்கிவிட்டார். ஏணி ஆடவில்லை. ஆனால் அடியில் சிமென்ட் தொட்டி. ஒரு மாதமாக ஊற்றிய தண்ணீர் போக வழியில்லாமல் மண் களியாகக் கிடந்தது. டார்லீன் முழங்கால்வரை புதைந்தார்.

"ஏங்க, அந்த வளையத்தப் போடுங்க!" என்று கத்தினார் ரஞ்சன்பென்.

"அதுக்கு அனுமதி..."

"அரே, பொம்பள முழுகிட்டிருக்கா!"

தீரஜ்பாய் எறிந்தார். இருவரும் கயிற்றைப் பிடித்து இழுத்ததில் டார்லீன் வந்துவிட்டார். ஒரு ஷூ மட்டும் வரவில்லை. மூச்சு வாங்கியபடியே டேப்லெட்டைத் தட்டினார்: "உயிர்காப்புச் சாதனம், நல்லா வேலை செய்யுது."

அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போய்க் கால் கழுவவைத்து, சூடாக மசாலா டீ கொடுத்தார் ரஞ்சன்பென்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. ஹோட்டல் தேறிவிட்டது. ஒரே ஒரு குறை, டார்லீன் டேப்லெட்டில் எடுத்து அனுப்பிய குளத்தின் படத்தை அலுவலகத்தில் யாரோ பார்த்து எழுதியது: 'குளத்தில் பாசி மிகுந்துள்ளது. முப்பது நாளில் அகற்றவும்.'

"என் வெந்தயக் கீரை பாசியா? எவன்டா அவன்?" என்று ரஞ்சன்பென் ஒரு நாள் முழுக்கத் திட்டினார். மறுநாள் அரிவாளோடு இறங்கி அறுத்துவந்து, அந்த ஊரிலுள்ள உறவுகளுக்கெல்லாம் தேப்லா ரொட்டி சுட்டுப் போட்டார்.

தீரஜ்பாய் வாயில் ஒரு தேப்லாத் துண்டை அடைத்தபடி கம்பெனிக்குப் பதில் தட்டினார்: 'பாசி அகற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது.'