முதல் வரியில் பெயர்

நீலசந்திராவில் ஒருவர் இன்னொருவரை வெட்டினால், வெட்டியவர் பெயரோடு ‘வட்டாரக் குரல்’ வார இதழ் கடைக்கு வரும் சனிக்கிழமை, அதே வெட்டு அதே இடத்தில் அவர் உடம்பிலும் விழும். கோலார் சுரங்கத்தை விட்டு வந்த தாஸ் பத்திரிகையைத் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். அடிபட்டவர் பெயர் கடைசியில் வரலாம், அடித்தவர் பெயர் முதல் வரியில் வரவேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். மனைவியின் பல்லை உடைத்தவர்கள் சனிக்கிழமை காலை இட்லியோடு தங்கள் பல்லையும் சேர்த்துத் துப்பினார்கள். கலவரம் நடந்த ஒரு வருடத்தில் ஓர் அச்சகத்துக்குத் தீ வைத்து, உள்ளே இருந்தவரின் கைகளை வேகவைத்த கும்பலுக்கு, அடுத்த இதழ் வந்ததும் முழங்கை வரை தோல் வெந்து உரிந்தது. பெயர் தவறாக வந்தால் மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. போலீசார் ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றே ஆளைப் பிடித்தார்கள். அந்தச் சோம்பேறிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

தாஸ் இறந்தபின் மகள் சங்கமித்ரா ஆசிரியரானாள். அவள் தம்பி விஜய்குமார் ஒரு பில்டருக்கு அடியாள். போன மாதம், வீட்டைக் காலி செய்ய மறுத்த கொத்தனார் ஓஸ்வால்டின் வலது கையை, லாங் என்கிற நீள அரிவாளால் மணிக்கட்டோடு வெட்டினான். கை சாக்கடையில் விழுந்தது. ஓஸ்வால்டின் மனைவி மேரி அலுவலகத்துக்கு வந்து, “ஏம்மா, உன் தம்பின்னா பேரு வராதா?” என்று மட்டும் கேட்டாள். தம்பியோ காலில் விழுந்தான். “வேற எவன் பேரையாச்சும் போடுக்கா. அவனுக்கும் ஒண்ணும் ஆகாது, எனக்கும் ஆகாது.”

அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் சங்கமித்ரா. ஆனாலும் அவன் பெயரையே போட்டாள்.

சனிக்கிழமை டீக்கடையில், கிளாசைப் பிடித்திருந்த அவன் கை கிளாசோடு கீழே விழுந்தது. ரத்தம் பஜ்ஜித் தட்டு வரை தெறித்தது. கடைக்காரர் தட்டை மாற்றிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் விஜய்குமார் அக்கா முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: “என் கைய வெட்டினது யாருக்கா? அந்தப் பேரும் மொத வரில வரணும்ல?”

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த வாரச் செய்தியை அவளே எழுதினாள். ‘இவ்விதழின் ஆசிரியர் சங்கமித்ரா தன் தம்பியின் வலது கையை வெட்டினார்’ என்பது முதல் வரி. சனிக்கிழமை காலை, இதழ்க் கட்டுகள் கடைகளுக்குப் போய்ச் சேருவதற்குள் வளையலைக் கழற்றி வைத்தாள். மேஜை கறையாகாமலிருக்கப் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் வலது கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.