வால்பக்கத்து மணல்

யார் சொல்லியும் உட்காராமல், இறந்துபோன புருஷனைக் குளிப்பாட்ட மெஹராஜே வெந்நீர் மொண்டுகொண்டிருந்தாள். முன்வாசலில் மாமியார் நர்கீஸ் சின்ன மகனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரு போற வண்டிக்கு ஜீப் எஞ்சின் எதுக்குடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? உன் கையாலதான் எம்புள்ள போனான்.”

சௌகத் அலி தலை நிமிரவில்லை. “ஆமாம்மா, நான் மாட்டுனதுதான். முன்பக்கம் கனத்துப்போச்சு, ஈர ரோட்டுல வாலு வழுக்கும்னு சீட்டுக்குப் பின்னால மணல் மூட்டை போட்டோம். அது இருந்தும் வழுக்கிருக்குன்னா, என் கணக்குதான் தப்பு.”

மெஹராஜின் கையிலிருந்த செம்பு அண்டாவுக்குள் விழுந்தது. அந்த மூட்டைகள் இரண்டும் அடுப்படிச் சுவரோரம் கிடந்தன.

கொடைக்கானல் துரை ஒருவர் கப்பலேறும்போது விட்டுப்போன கார் அது. தகர டப்பா மாதிரி லேசு. அதன் எஞ்சின் வெடித்துப்போக, அண்ணனும் தம்பியும் பட்டறையில் பழைய ஜீப் எஞ்சினை அதற்குள் இறக்கினார்கள். பானெட் மூடாமல் போக, அதையே வெட்டினார்கள். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மணல் எதற்கென்று மட்டும் கிதர் முகம்மது பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. பொம்பளைக்கு எஞ்சின் கதை எதற்கு என்று இருந்துவிட்டார், பாவி மனுஷன்.

காலையில் அவர் நத்தத்துக்குக் கிளம்பியது அவளுடைய அம்மாவைக் கூட்டிவரத்தான். அம்மாவின் டிரங்குப் பெட்டியை எங்கே வைப்பது? அவர் பசியாறும் நேரத்தில் அவளே மூட்டைகளை இழுத்துப் போட்டாள். தார்ப்பாயைப் பழையபடி மூடினாள். அவர் திறந்து பார்க்கவில்லை. போகும் வழியிலேயே சாணார்பட்டி வளைவில் மழை பிடித்துக்கொண்டது. கார் சுழன்று புளியமரத்தில் மோதியது.

இதைச் சொன்னால் மாமியார் அவளை வீட்டில் நிற்கவிட மாட்டார். சொல்லாவிட்டால் சௌகத் ஆயுசுக்கும் சுமப்பான்.

குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்தாயிற்று. தூக்கும்போது முன்னால் நின்றவரின் கால் வாசல் சேற்றில் சறுக்கியது. “செத்த இருங்க, சேத்துல போட ஏதாச்சும் கொண்டாறேன்” என்று சௌகத் பின்கட்டுக்கு ஓடிவந்தான். மூட்டைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“தம்பி, நான்தான் எறக்கி வச்சேன். எங்கம்மா பெட்டிக்கு எடம் வேணும்னு…” முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “மாமிகிட்டச் சொல்லிடுறேன்.”

சௌகத் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

“எங்கிட்டச் சொல்லிட்டீங்கள்ல மதினி. உள்ள போங்க.”

வாசலில் மூட்டையின் வாயை அறுத்து மணலைக் கொட்டி, காலால் பரப்பினான்.

“ஏதுடா மணலு?” என்றார் நர்கீஸ்.

“பட்டறையில கெடந்ததும்மா.”

மெஹராஜ் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். கிதர் முகம்மதைத் தூக்கியவர்கள் அந்த மணல்மேல் நடந்து தெருவில் இறங்கினார்கள். யார் காலும் வழுக்கவில்லை.