லுங்கெர்னில் இறங்கியவர்கள்

ஜானகிராமன் ஸ்விட்சர்லாந்துக்குப் போனதில்லை. ஆனால் அங்கே எந்த ஸ்டேஷனில் எந்த வண்டிக்கு மாற வேண்டும் என்று யாராவது கேட்டால் உடனே சொல்லிவிடுவார். யாரும் கேட்டதில்லை.

கல்பாக்கத்தில் கடல்நீர் பம்புகளைக் கவனிக்கும் பிரிவில் இன்ஜினீயராக இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், ஜெனீவாவில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்த சக அதிகாரி ஒருவர் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். சர்க்கரை இருந்த ஜானகிராமனுக்கு மட்டும், தான் உபயோகித்து முடித்த ரயில்வே கால அட்டவணையைக் கொடுத்தார். அதை அவர் ஆபீஸ் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தார். ரிட்டயர் ஆகும்வரை படித்தார். அந்த அட்டவணையில் இருந்த பாதி வண்டிகளுக்கு அதற்குள் நேரம் மாறியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கடைசி இரண்டு வருஷம் இன்டர்நெட் சென்டருக்குப் போய்ப் புதிய நேரங்களைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்.

"ரிட்டயர் ஆனதும் போறோம். அவசரமே கிடையாது. ஏரி, மலை, சின்னச் சின்ன ஊர். ஆற அமரப் போறோம்" என்று மனைவியிடம் சொல்வார்.

"சரி" என்பாள் ராஜம்.

அவள் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கும்பகோணத்துக்காரி. கல்யாணமான நாளிலிருந்து ஜானகிராமனின் திட்டங்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில் அந்த ஒரே சொல்தான். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

2004 ஜூனில் கிளம்புவதென்று முடிவாயிற்று. கூடவே அருணகிரியும் சேர்ந்துகொண்டார். திருப்போரூர் பக்கத்து விவசாயி அவர். நிலம் பிளாட்டாகப் போனபிறகு டூரிஸ்ட் வேன் வாங்கி, சென்னையிலிருந்து வருகிறவர்களை மகாபலிபுரத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை ஜானகிராமன் அந்த வேனில் ஏறி, கடற்கரைக் கோயில் போய்ச் சேரும்வரை ஸ்விஸ் ரயில்களைப் பற்றியே பேசினார். அருணகிரிக்குப் பாதி புரியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி வேண்டாவிடம், "அந்த ஊர்ல மலைமேலயே ரயிலு போவுதாம்" என்று மட்டும் சொன்னார். வேண்டா, "அப்ப போய்ப் பாக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

"ஏழு நாடு காட்றாங்களாம் சார், ஒரே டூர்ல" என்றார் அருணகிரி. "நாம இன்னாத்துக்கு ஒரே நாட்டைச் சுத்திகினு?"

"அது பிரயாணம் இல்லை, தண்டனை. நாம மெதுவாப் போறோம்" என்றார் ஜானகிராமன்.

மெதுவாகப் போவதற்கு அவர் போட்ட திட்டம் இருபத்தோரு பக்கம் வந்தது. எந்தப் பக்க ஜன்னலில் உட்கார வேண்டும், எந்தச் சுரங்கத்துக்குப் பிறகு கேமராவை எடுக்க வேண்டும் என்பது வரை இருந்தது. தினமும் மதியம் இரண்டரையிலிருந்து மூன்றேகால் வரை ஏரிக்கரையில் ஓய்வாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது.

விசா வந்தது. டிக்கெட் வந்தது. அங்கே எல்லா ரயிலிலும் ஏறி இறங்குவதற்கான பாஸ் வந்தது. ஜானகிராமனுக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம். சில ஸ்டேஷன்களில் அடுத்த வண்டி ஐந்தே நிமிஷத்தில் கிளம்பிவிடும். அதற்குள் பெட்டிகளோடு பிளாட்பாரம் மாறிவிட முடியுமா? ஒத்திகை பார்க்காமல் சொல்ல முடியாது.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நால்வரும் செங்கல்பட்டு ஜங்ஷனுக்குப் போனார்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தார்கள். எடை சரியாக இருக்க வேண்டும் என்று பெட்டிகளில் புழுங்கலரிசி நிரப்பியிருந்தது. முதல் பிளாட்பாரத்திலிருந்து படி ஏறி, பாலத்தைக் கடந்து, அடுத்ததில் இறங்கினார்கள். பிறகு திரும்பி வந்தார்கள். மூன்றாவது தடவை ஒரு போர்ட்டர் வழிமறித்தார்.

"எந்த வண்டிக்குப் போறீங்க?"

"எந்த வண்டிக்கும் இல்லை" என்றார் ஜானகிராமன்.

போர்ட்டர் ராஜத்தைப் பார்த்தார். ராஜம் தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டாள்.

நான்காவது தடவை இறங்கும்போது ஜானகிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷத்துக்குள்தான் இருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு படிகளைத் தவறவிட்டார். பெட்டி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மாவுக்கட்டு போட்ட டாக்டர் இளம்பெண். ஜூன் மாதம் மலை ரயிலில் போகலாமா என்று ஜானகிராமன் அவளிடம் கேட்டார்.

"பாத்ரூம் போகலாம் சார். யாராவது பிடிச்சுக்கணும்."

அன்று மாலை அருணகிரி வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார் இல்லாம நான் போய் இன்னா பண்றது? சாரை யாரு பாத்துக்குவாங்க? நானும் போவல" என்றார்.

கூட வந்திருந்த வேண்டா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "அது பிளேனுக்கு பயந்துகினு கீது சார். டிக்கெட் வந்த நாள்லேர்ந்து தூங்கல."

அருணகிரி மறுக்கவில்லை.

ஆக, பயணம் நின்றுவிட்டது என்று ஜானகிராமன் நினைத்தார். மறுநாள் ராஜம் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

"எங்கே, கடைக்கா?"

"ஸ்விட்சர்லாந்துக்கு. வேண்டா வரேங்கறா."

ஜானகிராமன் தன் மாவுக்கட்டைப் பார்த்தார். அவள் போகக்கூடாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. தான் இல்லாமல் அவள் போவாள் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

"திட்டத்தை எடுத்துண்டு போ" என்றார்.

"சரி" என்றாள்.

அருணகிரிதான் வேனில் இருவரையும் மீனம்பாக்கத்தில் விட்டுவிட்டு வந்தார். "திரும்பியே பாக்கல சார்" என்றார். யாரைச் சொன்னார் என்று ஜானகிராமன் கேட்கவில்லை.

அதன்பிறகு இரண்டு ஆண்களும் சேர்ந்து இருந்தார்கள். அருணகிரி காலையில் இட்லி வாங்கிக்கொண்டு வருவார். ஜானகிராமன் கட்டிலுக்கு எதிரே இருந்த கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார். "இப்ப லூசெர்ன்ல வண்டி ஏறியிருப்பா. வலது பக்க ஜன்னல்" என்பார்.

"சாப்ட்டு இருப்பாங்களா சார்?" என்பார் அருணகிரி.

மூன்றாம் நாள், அந்த இருவரும் கணவாயைத் தாண்டி இன்டர்லாக்கனில் இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில், போன் அடித்தது. ராஜம்தான்.

"நாங்க நடுவுல எறங்கிட்டோம்."

"எங்கே?"

"பேர் சரியா வாயில வரலை. ஏரி இருக்கு."

"ஸ்விட்சர்லாந்துல எல்லா எடத்துலயும் ஏரி இருக்கு ராஜம்."

அவள் பக்கத்தில் யாரிடமோ கேட்டுவிட்டு, "லுங்கெர்ன்" என்றாள்.

ஜானகிராமனுக்கு அந்த ஊர் தெரியும். திட்டத்தில் 'கேமரா, வலதுபுறம்' என்று மட்டும் இருந்த ஊர். "அங்கே ஏன் எறங்கினேள்?"

ராஜம் சொன்னாள். எதிர்வண்டிக்காக ரயில் நின்றிருக்கிறது. பக்கத்துச் சரிவில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் காயவைத்த புல்லை அவசர அவசரமாக வாரிக்கொண்டிருந்தார்கள். மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வேண்டா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "புல்லு நனையப் போவுதுக்கா" என்று எழுந்து இறங்கிப் போய்விட்டாள்.

"நீ?"

"அவளைத் தனியா விடமுடியுமா? பெட்டியெல்லாம் எறக்கிட்டேன். பழக்கம் இருந்ததே."

வேண்டா நேராகப் போய், அங்கே கிடந்த, புல் வாரும் மரவாரி ஒன்றை எடுத்து வேலையை ஆரம்பித்திருக்கிறாள். அந்த ஊர்க்காரர்கள் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். பிறகு மழையைப் பார்த்தார்கள். ராஜத்திடம் இன்னொரு வாரியைக் கொடுத்தார்கள். முடித்துக் கொட்டகைக்குள் நுழையவும் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் வீட்டு மாடியில், வந்து போகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்களாம். இவர்கள் இருவரும் அதிலேயே தங்கிவிட்டார்கள்.

"நாளைக்குக் காலைல கிளம்பிடு. எட்டு மணிக்கு மேல ஒரு வண்டி இருக்கு. அதைப் பிடிச்சா மத்ததெல்லாம் சரியா வந்துடும்" என்றார் ஜானகிராமன்.

"இங்கேயே இருக்கலாம்னு பாக்கறேன்."

"அந்த ஊருக்குன்னு நான் ஒண்ணுமே எழுதலையே."

"ஆமா. நிம்மதியா இருக்கு."

ஜானகிராமன் போனை அருணகிரியிடம் நீட்டினார்.

"இன்னா பண்ற?" என்று கேட்டார் அருணகிரி.

வேண்டாவின் குரல் கட்டில்வரை கேட்டது. "புல்லு வாரிகினு கீறேன்."

"அதுக்கா அவ்ளோ தூரம் போன? இங்க இல்லாத புல்லா?"

"அங்க எங்க கீது? நீதான் வித்துட்டியே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள். அருணகிரி போனை வைத்தபிறகு நெடுநேரம் இட்லிப் பொட்டலத்தின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிலத்தை விற்கும்போது அவளிடம் கேட்டீரா என்று ஜானகிராமன் கேட்க நினைத்தார். தன் இருபத்தோரு பக்கம் ஞாபகம் வந்ததால் கேட்கவில்லை.

அடுத்த போன் வந்தபோது அவர் வண்டிகளைப் பற்றிப் பேசவில்லை.

"ஏரி என்ன நிறமா இருக்கு?" என்றார்.

"மத்தியானம் பச்சை. சாயங்காலம் தெரியலை, தூங்கிட்டேன்."

"குளிர்றதா?"

"ஸ்வெட்டர் இருக்கு. உங்க கால் எப்படி இருக்கு?"

"அரிக்கறது."

"ஸ்கேல் விட்டுச் சொறியாதீங்கோ."

அவர் தலையணைக்கடியில் இருந்த ஸ்கேலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இருவரும் வெயிலில் முகம் கறுத்துத் திரும்பி வந்தார்கள். மலைச்சிகரம் எதையும் பார்க்கவில்லை. இன்டர்லாக்கன் பார்க்கவில்லை. லுங்கெர்னைச் சுற்றி நடந்தார்கள், கொட்டகையில் உட்கார்ந்தார்கள், ரசம் வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது இறங்கவில்லை.

"வண்டியெல்லாம் சரியான நேரத்துக்கு வந்ததோ?" என்று ஜானகிராமன் கேட்டார்.

"கவனிக்கலை" என்றாள் ராஜம்.

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் ராஜம், வேண்டா எடுத்த போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் புடவைமேல் ஸ்வெட்டரும் கையில் வாரியுமாக ராஜம் நின்றிருந்தாள். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஜானகிராமன் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார், கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார்.

அருணகிரி ஆவணி மாதம் வேனை விற்று இரண்டு கறவை மாடுகள் வாங்கினார். வேன் நின்ற இடத்தில் கட்டினார். வேண்டாவிடம் முன்கூட்டியே கேட்டாராம். அவள், "ரெண்டாவது மாடு சரியில்ல, மாத்து" என்றாளாம். மாற்றினார்.

அடுத்த ஜூனில் ஜானகிராமனும் ராஜமும் மட்டும் கிளம்பினார்கள். நிபந்தனையை ராஜம்தான் போட்டாள். ஒரே ஊர், அதே அறை. அவர் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம், அவள் நினைத்தால் கூட வருவாள்.

முதல் சில நாட்கள் அவர் தனியாகத்தான் போனார். காலையில் கிளம்பி, எல்லா வண்டியையும் பிடித்து, மாலையில் திரும்பி வந்து, எது எங்கே எத்தனை நிமிஷம் நின்றது என்று சொல்வார். அவள் அறை விட்ட வீட்டுக்காரியோடு பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பாள். பிரியன்ஸ் ஏரிக்கு மேலே நீராவி எஞ்சின் ஏறும் மலை ஒன்று மிச்சமிருந்தது. அதை அவர் கடைசிவரை ஒத்திப்போட்டு வந்தார். கடைசி நாள், அவர் கேட்காமலே, ராஜம் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

வண்டி பாதி மலை ஏறுவதற்குள் மேகம் மூடிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டினாற்போல் ஆயிற்று. மற்ற பயணிகள் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டார்கள். ஜானகிராமன் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பக்கம் என்ன இருக்கணும்?" என்று கேட்டாள் ராஜம்.

"ஏரி. ரொம்பக் கீழே. படகு போறது தெரியும்."

"அந்தப் பக்கம்?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். எந்தச் சிகரம் எங்கே, எது உயரம், எதன் தோளில் பனி கோடையிலும் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கையை நீட்டிச் சொன்னார். அவர் நீட்டிய பக்கமெல்லாம் ராஜம் திரும்பிப் பார்த்தாள். உச்சி வந்து வண்டி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.