ராத்தங்கும் மண்

அப்பா செல்லச்சாமி தாயில்பட்டியில் பட்டாசு ஆலை போர்மேன். அவருக்கு ஒரே சட்டம்தான்: கலந்த வெடிமருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், ராத்தங்க விடக் கூடாது. அப்படி யாரோ விட்டுப்போன ஒரு கை மருந்துதான் மறுநாள் காலையில் வெடித்து, அதே ஆலையில் வேலை பார்த்த அம்மாவைக் கொண்டுபோனது.

அப்பேர்ப்பட்டவரிடம், தீபாவளி லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த நான், என் ஆராய்ச்சி என்னவென்று சொல்லித் தொலைத்தேன். அணு உலைக் கழிவைப் பூமிக்கடியில் லட்சம் வருஷம் வைக்க வேண்டும். அதைச் சுற்றித் திணிக்கிற களிமண் எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் வேலை.

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒரு ராத்திரி தங்குனதுக்கே உங்கம்மா போயிட்டா. நீ லச்சம் வருசம் வைக்கப் போறியாக்கும்? யாரு தாயி காவலு?"

"மண்ணுதாம்ப்பா."

"நல்லாப் படிச்ச போ. போதும் வேல்விழி, ஊரோட இரு."

அவர் சொன்னால் சொன்னதுதான். நானும் அவர் மகள்தானே, கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காட்டுக் கரிசல் மண்ணைக் காயவைத்துப் பொடித்தேன். எங்கள் ஆய்வகக் களிமண்ணுக்கு அது பங்காளி. தண்ணீர் பட்டால் இரண்டும் உப்பும். அடியில் துணி கட்டிய இரும்புக் குழாய்த் துண்டில் அதை இடித்து இறுக்கி, மேலே விளிம்புக்குச் சமமாக ஒரு மரவில்லையை வைத்தேன். குழாயைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் நிறுத்தி, அதன் தலையில் அம்மிக்கல்லை ஏற்றினேன். ஒரு தாளில் கணக்கும் போட்டேன்.

"தீவாளி மறுநா, கல்லுக்குக் கீழ ஒரு தீப்பெட்டி நுழையும்ப்பா. நுழையலேன்னா நான் சென்னைக்குப் போகலை."

"அம்மியைத் தூக்குற மண்ணு!" என்று சிரித்தார்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, தீபாவளியன்று வரைக்கும் கல் அசைந்ததாகவே தெரியவில்லை. தாளை எடுத்துக் கணக்கை மறுபடி மறுபடி சரிபார்த்தேன்.

மறுநாள் காலை அப்பாதான் கூப்பிட்டார். குரல் ஒருமாதிரி இருந்தது.

குழாய் விளிம்புக்கும் அம்மிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அப்பா குனிந்து தீப்பெட்டியை நுழைத்தார். உரசிக்கொண்டு போனது. திரையில் நான் நூறு தடவை பார்த்த கணக்குதான். ஆனாலும் உடம்பெல்லாம் புல்லரித்தது.

அவர் இரண்டு கையாலும் கல்லை அமுக்கினார். இறங்கவில்லை.

"தூக்குறதுன்னா எனக்கு வெடிச்சுத் தூக்குறதுதான் தெரியும் தாயி. இது சத்தமே போடலையே." பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதுல விரிசல் விட்டா?"

"தண்ணி வந்தா உப்பி அதுவே அடைச்சுக்கிடும். அதைத் தாண்டி ஒரு சொட்டு, ஒரு சாண் போக ஆயிரக்கணக்கான வருசம் ஆகும்."

"பாக்க ஆளே இல்லேன்னாலும்?"

"நாம, இந்த ஊரு, நம்ம பேச்சு எல்லாம் போனாலும்."

அப்பா குழாய் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். "அன்னைக்கு அந்த ரூம்ல இம்புட்டுப் பொறுப்பா ஒண்ணு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கண்ணைத் துடைத்தபடி, "நாளைக்கு உன்னைய பஸ் ஏத்தி விடுறேன்" என்றார்.

நான் அம்மியை இறக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இருக்கட்டும் தாயி. இது ராத்தங்கட்டும்."