நிமிடத்துக்கு நாற்பது சொட்டு

1

அரைச் சுற்றா, முழுச் சுற்றா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பதினோரு வருடங்களாக அரைச் சுற்று என்றுதான் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். போன வாரம் குளியலறைக் குழாயை மூடும்போது என் மணிக்கட்டு ஏற்கனவே பழகிய ஒன்றைச் செய்வதுபோல் திரும்பியதைக் கவனித்தேன். முழுச் சுற்றாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. இந்தக் கதையை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

நான் முறுக்கியது தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் இரண்டாம் எண் பம்பின் நட்டை. அதனால் என் அக்காவும் அவள் கணவரும்

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். முடிக்கும் தைரியம் வந்ததும் திரும்பி வருகிறேன்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓயாத சண்டை நடக்கிறது." பகட்டு. அந்த அறையில் எந்தச் சண்டையையும் நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.

"என் மாமா அதிகம் பேசாதவர்." இதுவும் சரியில்லை. தன் மனைவியான என் அக்காவோடு பேசாதவர், அவ்வளவுதான். பம்போடு பேசுவார். ஒரு ஸ்பேனரின் முனையை பேரிங் மேலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு, "என்ன, இங்கதான் கரகரங்குதா?" என்று கேட்பார்.

"நான் அங்கே பதிவேடு எழுதுகிறவன்." இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

என் வேலை எண்களை எழுதுவது. அழுத்தம் எத்தனை, மோட்டார் இழுக்கும் மின்சாரம் எத்தனை, சொட்டு எத்தனை. சொட்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே போக முடியாது. பம்புக்குள்ளே ஒரு சக்கரம் சுழன்று தண்ணீரை நடுவில் வாங்கி ஓரத்துக்கு வீசுகிறது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சாமல் இருக்க, கொழுப்பில் ஊறிய கயிற்றை வளையம் வளையமாக நறுக்கித் திணிப்பார்கள். இருபக்கமும் இரண்டு நட்டுகள் அந்தக் கயிற்றை அழுத்திப் பிடிக்கும். ஆனால் முழுதாக அடைத்துவிடக் கூடாது. கயிற்றுக்கும் தண்டுக்கும் நடுவே கசிகிற தண்ணீர்தான் உராய்வைத் தணிக்கிறது. கசிவு நின்றால் கயிறு கருகும், தண்டின் உறையில் கீறல் விழும்.

நிமிடத்துக்கு நாற்பது சொட்டு. மாமா இதைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். அதன் கீழே, கொஞ்சம் பெரிதாக: கை வைக்காதே.

3

அக்கா அப்போது அவரை விட்டு வந்து என்னோடு இருந்தாள். மேட்டுத் தெருவின் கடைசிக் கட்டிடம், மூன்றாவது மாடி. அங்கே குழாய்கள் சும்மா அழகுக்கு. கீழே முற்றத்துக் குழாயில் பிடித்து நான்தான் குடம் குடமாக மேலே கொண்டுவருவேன்.

ஏன் வந்தாள் என்று கேட்காதீர்கள். நான் ஒரு காரணம் எழுதினேன், அது கதைக்காக எழுதியதாக இருந்தது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஒரே வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம்னு எனக்கு மட்டும்தான் தெரியுதுடா."

இரண்டாம் எண் பம்பை மாமா பிரித்துப் போட்டார் என்று ஒரு சாயங்காலம் அவளிடம் சொன்னேன். பன்னிரண்டு வருடத் துரு உள்ளே மரு மருவாக ஏறியிருந்தது. அதையெல்லாம் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழவழப்பான பூச்சு ஒன்று பூசப் போகிறார், உரசல் குறைந்தால் அதே மோட்டாரிலேயே அழுத்தம் கூடுமாம் என்றேன்.

"எவ்வளவு கூடுமாம்?"

"இந்த மாடி வரைக்கும் வரும்கிறாரு."

அக்கா சிரித்தாள். "வரட்டும் பாக்கலாம். மேல தண்ணி வந்தா நான் கீழ இறங்கி வரேன்னு சொல்லு உன் மாமாகிட்ட."

மறுநாள் சொன்னேன். மாமா சக்கரத்தை மடியில் வைத்து அதன் இதழ்களுக்கு நடுவே விரலை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இதழுக்கு நகர்ந்தார். மறந்துவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"எந்தக் குழாய்?"

"என்ன மாமா?"

"சமையலறையா, குளியலறையா? ரெண்டுக்கும் உயரம் வேற."

"அது சொல்லல."

"கேட்டுட்டு வா மாப்ளே."

கேட்டேன். அக்கா யோசித்துவிட்டு, "சமையலறைன்னு சொல்லு. அதுதான் அரை அடி கூட. சும்மா விட்டுடுவேனா?" என்றாள்.

(இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு அவர்களுடையது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கிறது.)

4

ஏழு வாரம். ஆபரேட்டர் ஒருவர் எங்களோடு இருந்தார், வாய் மூடாததால் ரேடியோ என்று பெயர். மாமாவுக்கு அவர் வைத்த பெயர் வழவழ.

"என்ன வழவழ, பம்புக்குச் சவரம் பண்ணி முடிச்சாச்சா? அப்படியே என் பையனையும் கூட்டிட்டு வரேன், அவன் மூஞ்சியையும் ஒரு வழி பண்ணு."

"கைய உள்ள விட்டுப் பாருங்க."

ரேடியோ விட்டார். "அட! மாமியார் பேச்சு மாதிரி வழுக்குதேய்யா!"

மாமா அன்று சிரித்ததை நான் பார்த்தேன். பேரிங்குக்கு கிரீஸ் வைக்கும்போது ரேடியோ தாராளமாக அள்ளப் போனார். மாமா கையைப் பிடித்தார். "மூணுல ஒரு பங்கு போதும். நெறைய வெச்சா அதுவே சூடாக்கும்." இதை உவமையாக்க வேண்டும் என்று எனக்குள் ஒருவன் துடிக்கிறான். வேண்டாம். அவர் கிரீஸைப் பற்றித்தான் பேசினார்.

இரண்டு பேருக்கும் நடுவே நான் செய்தி சுமந்தேன். குடம் சுமந்ததைவிட அது கனமாக இருந்தது என்று எழுதி அடித்தேன். கனமாக இல்லை. முதலில் பிடித்திருந்தது. பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அக்கா அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"தூசி படிஞ்சிருந்துச்சு."

"எங்கயாவது போறியா?"

"தண்ணி வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல், "எத்தனை கிலோ அழுத்தம் வருமாம்?" என்றாள்.

5

சோதனை நாள். மதியம் மூன்று மணி. அழுத்தம் 3.6 கிலோவிலிருந்து 4.1க்கு ஏறியது. ரேடியோ ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார், அதுவே பெரிய பாராட்டு. பிறகு எங்கள் இன்ஜினியர் மேடத்தை அழைத்து வர அலுவலகத்துக்கு ஓடினார். மேட்டுத் தெருவின் வால்வைத் திறக்க மாமா சைக்கிளில் கிளம்பினார். சட்டையை மாற்றியிருந்தார்.

"சொட்டை மட்டும் பாத்துக்கோ மாப்ளே. கால் மணிக்கு ஒரு தரம் எழுது."

"நான் பாத்துக்கறேன் மாமா."

நான் தனியாக இருந்தேன். ஒரு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். மௌனமாக வாசிப்பது தவிர எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. சொட்டு விழும் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. டப், டப், டப். என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல், ஸ்பேனரை எடுத்து நட்டை

5 (மறுபடி)

மேலே எழுதியதை அடிக்காமல் விடுகிறேன், நீங்கள் பார்ப்பதற்காக.

மோட்டார் ஓடும் அறையில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காது. சொட்டுச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? பதினோரு வருடமாக நான் எனக்குச் சொன்ன கதையில் இப்படி ஓர் ஓட்டை இருந்திருக்கிறது, எழுதும்வரை கண்ணில் படவில்லை.

இன்னொன்று. யோசிக்காமல் செய்கிறவன் ஒரு நட்டைத்தான் முறுக்குவான். அப்படி முறுக்கினால் கயிறு ஒருபக்கம் சாயும், பார்த்த உடனே தெரிந்துவிடும். நான் முதலில் இடதுபக்க நட்டை முறுக்கினேன். பிறகு பம்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வலதுபக்க நட்டை, அதே அளவு. (கதையின் தொடக்கத்தில் 'நட்டை' என்று ஒருமையில் எழுதியிருக்கிறேன். பாருங்கள்.)

சொட்டு நின்றது. நான் மேசைக்கு வந்து பதிவேட்டில் எழுதினேன்: 3.15, நாற்பது.

பிறகு எத்தனையோ கதைகள் எழுதிவிட்டேன். நான் எழுதிய முதல் புனைவு அந்த நாற்பதுதான்.

6

மேட்டுத் தெருவில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அக்கா சொன்னது: சமையலறைக் குழாயைத் திறந்து வைத்து, ஒரு சொம்பை அடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். குழாய் இரண்டு மூன்று தரம் இருமியது. காற்று வந்தது. பிறகு நூல் மாதிரி, பிறகு விரல் பருமனுக்கு, தண்ணீர். அவள் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே தெருவில் மாமா அண்ணாந்து நின்றார்.

"வருதுங்க!" என்று கத்தினாளாம். எட்டு மாதத்தில் அவரோடு பேசிய முதல் சொல்.

அவர் தலையை ஆட்டியிருக்கிறார். இரண்டு தரம் ஆட்டினார் என்று ஒருமுறை சொன்னாள், ஒரு தரம் என்று இன்னொருமுறை. திரும்பிப் பார்ப்பதற்குள் சொம்பு பாதி நிறைந்து, தண்ணீர் நின்றுவிட்டது.

இங்கே நிலையத்தில் புகை. கயிறு கருகிய நாற்றம். மோட்டார் சுமை தாங்காமல் தானாக நின்றது. மேடமும் ரேடியோவும் வாசலுக்கு வந்த நேரம்.

மாமா மூச்சிரைக்க வந்து, ஆறவிட்டுப் பிரித்தார். தண்டின் உறையில் நகத்தால் கீறியதுபோல் சுற்றிச் சுற்றிக் கோடுகள். பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன்.

"நாற்பதுதானே இருந்திருக்கு."

நான் கையை நீட்டிப் பதிவேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"அப்ப கயிறு நறுக்கினதுலதான் கோளாறு. நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்" என்றார். மேடத்திடமும் அதையே சொன்னார்.

"பரவாயில்லை விடுங்க. ஏழு வாரம் ஒரு பம்பை நிறுத்தி வெச்சாச்சு, இதுக்கு மேல முடியாது. புதுசுக்கு எழுதிடறேன்" என்றார் மேடம். கோபமாகச் சொல்லவில்லை.

அன்று இரவு அக்கா சொன்னாள்: "பாதிச் சொம்பு வந்துச்சுல்ல, அது போதும்னு சொல்லு."

மறுநாள் சொன்னேன். இதையாவது நான் மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மாமா கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நின்னுபோனதை வந்ததுன்னு எப்படிச் சொல்றது? அவ இரக்கப்பட்டு வர வேணாம்னு சொல்லு."

7

முடிவுகள் சில.

அ) அப்போதே நான் உண்மையைச் சொல்கிறேன். மாமா அடிக்கிறார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். (ஆசை.)

ஆ) அக்கா தானே கண்டுபிடித்துக் கேட்கிறாள்: "ஏன்டா?" நான் சொல்கிறேன்: நீ போய்விட்டால் இந்த வீட்டில் "வந்துட்டியா?" என்று கேட்க ஆளில்லை. தனியாக இருப்பவனின் மௌனமும், அடுத்த அறையில் ஒருவர் நடமாடும்போது காக்கிற மௌனமும் ஒன்றல்ல. முன்பு எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, நீ வந்து கெடுத்துவிட்டாய். (அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இவ்வளவு கோர்வையாகவும் சொல்லியிருக்க மாட்டேன்.)

இ) மாமாவுக்குத் தெரிந்திருந்தது. பிரிப்பதற்கு முன் அவர் குனிந்து, நட்டுக்கு மேலே எத்தனை மரை வெளியே தெரிகிறது (முறுக்க முறுக்க அது கூடும்) என்று கட்டை விரல் நகத்தால் எண்ணினார். இடதுபக்கம் எண்ணினார். சுற்றிப்போய் வலதுபக்கம் எண்ணினார். பிறகுதான் பதிவேட்டைக் கேட்டார்.

மூன்றாவது என்னை விட மாட்டேன் என்கிறது. அந்தக் கட்டை விரலை நான் உண்மையாகவே பார்த்தேனா, பிறகு எப்போதாவது சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை. பார்த்தேன் என்றால் அவர் என்னைக் காப்பாற்றினார். சேர்த்தேன் என்றால் தன் கை தவறியது என்று நம்பிக்கொண்டே அவர் இன்னமும் எங்கோ கயிறு நறுக்குகிறார். எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தால் 'பார்த்தேன்' என்பதைத்தான் எடுப்பேன் என்பதால் நான் எடுக்கக் கூடாது.

8

விட்ட வாக்கியம்: அதனால் என் அக்காவும் அவள் கணவரும் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட ஒரே வீட்டில் இருக்கவில்லை.

புதுப் பம்பு இரண்டு மாதத்தில் வந்தது. அதில் கயிறு கிடையாது, சொட்டும் கிடையாது. பதிவேட்டில் அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டார்கள். மேட்டுத் தெருவுக்கு முதல் நாளே தண்ணீர் ஏறியது. அக்கா சமையலறைக் குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்து, "இது அவர் தண்ணி இல்ல" என்று மூடினாள்.

ரேடியோ ஓய்வு பெற்றார். பக்கவாதம் வந்து இப்போது பேச்சு இல்லை. மேடம் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். மாமா தானாகக் கேட்டு மாற்றல் வாங்கி, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறொரு நிலையத்துக்குப் போனார். நிலையத்தை ஒட்டிய ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். அக்கா அடுத்த வருடமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு பெட்டியோடு போனாள். ஒரு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறாள், விடுதியில் தங்குகிறாள். மாதம் ஒருமுறை போன் செய்வாள். "தண்ணி வருதா?" என்பாள். வருகிறது என்பேன்.

நான் அதே மூன்றாவது மாடியில் இருக்கிறேன். தண்ணீர் நன்றாகவே வருகிறது.