இரண்டாவது அடி

வேளிமலை அடிவாரத்துப் பாறையின் உச்சியில் நின்று, ரசலையன் கடப்பாரையை இடுக்கில் செருகி நெம்பினான். வெடிவைத்துப் பிளந்த கல். நாலைந்து ஆட்டுக்கல் பருமன் இருக்கும். புது ரோட்டில் பஸ் வரப்போகிறது என்று ஊர் பேசிக்கொண்ட வருஷம் அது. ஜல்லிக்கு அவ்வளவு அவசரம். கீழே ஆள் நின்றால் நேசையன் மேஸ்திரி "நில்லு" என்று குரல் கொடுப்பார். மேலே இருப்பவன் நிறுத்த வேண்டும்.

குரல் கேட்பது ரசலையனுக்கு இப்போது பெரும்பாடு. இடது காது பழைய வெடிகளில் எப்போதோ மந்தித்துவிட்டது. வலது காதில் ஒரு மாதமாக வண்டு ஒன்று கிடந்து இரைவதுபோல் ஓயாத சத்தம். மனைவி தேவகனி பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பார்த்துவிட்டாள். நிற்கவில்லை. கண்ணை மூடினால் மேஸ்திரியின் கை வந்துவிடும்.

போன மாதம், வெடிக்காமல் கிடந்த குழியிலிருந்து வெடிமருந்தைத் தோண்டச் சொன்னார் மேஸ்திரி. "ஆளு சாவுத வேல. என்னால ஆவாது" என்றான் ரசலையன். அத்தனை பேர் முன்னால் சொன்னதுதான் குற்றம். இடது கன்னத்தில் ஓங்கி ஒன்று விழுந்தது. அவன் முகம் திரும்பியது. வலது காதோடு சேர்த்துப் புறங்கையால் இன்னொன்று. ரசலையன் திருப்பி அடிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் சபை முழுக்க அதுதான் பேச்சு: வேதத்தில் சொன்னபடி ரசலையன் மறு கன்னத்தைக் காட்டிவிட்டான்!

அவன் கன்னத்தைக் காட்டவில்லை. பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுக்கத்தான் திரும்பினான். விரல் பிடியைத் தொட்டுவிட்டது. இரண்டாவது அடியில் தலைசுற்றி விழாமல் இருந்தால், மேஸ்திரியின் மண்டை அன்றைக்கே சிதறியிருக்கும். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. படுத்தால் அந்தப் பிடியின் வழவழப்பு விரலில் வந்து ஒட்டிக்கொள்கிறது. அவனுக்கு அவனையே பயமாக இருந்தது.

கல் அசைந்தது. எட்டிப் பார்த்தான். நேர் கீழே மேஸ்திரி. ஒரு கால் கல்லிடுக்கில் மாட்டியிருக்க, அண்ணாந்து கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

சும்மா நின்றால் போதும். கல் தானே போய்விடும். செவிடன் பாவம், என்ன செய்வான் என்றுதான் ஊர் சொல்லும். அந்த நினைப்பு இனித்தது. இனித்ததுதான் அவனை நடுக்கியது. "கர்த்தாவே" என்று கடப்பாரையைக் கல்லுக்கு முன்னால் குத்தி, இடது தோளைக் கொடுத்தான். தோளுக்குள் ஏதோ பிய்ந்தது. மேஸ்திரி காலை உருவிக்கொண்டு ஓடிய பிறகுதான் விட்டான்.

மேஸ்திரி மூச்சிரைக்க ஏறிவந்து, முகத்துக்கு நேரே கத்தினார்.

"ஏலே, நில்லு நில்லுண்ணு தொண்ட கிழியக் கத்துனேன். ஒனக்க காது எங்கல போச்சு?"

"கேக்கல, மேஸ்திரி."

"செவிட்டுப் பயலுக்குப் பாறையில என்ன வேல? ஆளக் கொல்லதுக்கா? நாளையிலயிருந்து வராண்டாம்."

வீட்டில் தேவகனி பொங்கினாள். "ஆரு அடிச்சுப் போன காதுண்ணு நாலு ஆளு முன்ன கேக்கப்பிடாதா?"

"கேட்டா நானும் எல்லாத்தையும் சொல்லணும்ட்டி."

"நீங்க என்னத்த சொல்லணும்?"



ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் பழிவாங்காமையைப் பற்றிப் பிரசங்கித்தார். "அடி வேண்டுன ரசலையனும் இஞ்சதான் இருக்கான். அடிச்ச மேஸ்திரியும் இஞ்சதான் இருக்காரு. பகை உண்டா? இல்ல! இதுதான் சாட்சி!" முன்வரிசையில் மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் தேவகனி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லாத் தலைகளும் தன் பக்கம் திரும்புவதை ரசலையன் கண்டான். பிரசங்கம் காதில் விழவில்லை; வண்டுதான் இரைந்தது. சுத்தியல் காரியம் வெளிப்பட்டுவிட்டது, அதைத்தான் உபதேசியார் சொல்கிறார் என்று நினைத்தான். எழுந்தான். காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில், "மேஸ்திரி, என்னப் பொறுத்துக்கிடணும்" என்றான்.

மேஸ்திரி எழுந்து வந்தார். மனமிரங்கி, அவன் தோளைத் தொடக் கையை உயர்த்தினார்.

ரசலையன், தூக்க முடிந்த ஒரு கையால் வலது காதைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.