எப்பவும் பாக்கலாம்தானே

சிகிரியா மலைக்குக் கீழே, ஐஸ்கிரீம் வடிந்த ஒரு சின்னக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் களைப்பு என்று நான் நினைத்திருந்தது களைப்பில்லை, கோபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கை இனியனுடையது. என் அண்ணா கிருஷாந்தனின் மகன், மூன்று வயது. அண்ணாவும் அவர் மனைவியான மச்சாளும் மூத்த மகளும் மலையேறிப் போயிருந்தார்கள். போகுமுன் அண்ணா என் தோளைத் தட்டி, "இவன் ஏறமாட்டான் ரூபி. நீ இவனோட நில்லன். நீ இங்கதானே இருக்கிறாய், எப்பவும் பாக்கலாம்தானே" என்றார். நான் ஓம் என்றேன். அவர் சொல்லி முடிக்க முன்னரே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

திருகோணமலையில் காலையில் வெளிக்கிட்டால் மத்தியானத்துக்கு முன் சிகிரியாவுக்கு வந்துவிடலாம். ஆனாலும் நாற்பத்தாறு வயதுவரை நான் வரவில்லை. சண்டைக் காலத்தில் வர ஏலாது. சண்டை முடிந்து கொஞ்ச நாளில் அம்மா படுக்கையில் விழுந்தார். அம்மாவைக் குளிப்பாட்டி, தூக்கி இருத்தி, ஊட்டி, அதற்கிடையில் பல்வைத்தியரின் கிளினிக்குக்கு வேலைக்கும் போய்வந்த ஒருத்திக்கு, எப்பவும் என்ற சொல் எந்த நாளைக் குறிக்கிறது? அண்ணாவிடம் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கீழே நின்று அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தேன். இனியன் என் சேலையில் கையைத் துடைத்தான்.

அம்மா போன வருசம் இறந்தார். செத்தவீட்டுக்கு வந்த அண்ணா எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் திரும்பிவிட்டார். பிறகு ஒருநாள் லண்டனிலிருந்து ஃபோன் எடுத்து அழுதார். "அம்மாவக் கடைசிவரைக்கும் நீதான் பாத்தனீ. வாற ஈஸ்டர் லீவுக்கு நாங்கள் வாறம். ஒரு வான் பிடிச்சு நாடு முழுக்கச் சுத்துவம். இந்த ட்ரிப் உனக்காகத்தான். நீ ஒண்டும் பாக்கேல்ல." எங்கே போக விருப்பம் என்றும் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் என்னிடம் அப்படிக் கேட்டு நாளாகியிருந்தது. போட்டில் வெளிக்கடலுக்குப் போகவேண்டும் என்று சொன்னேன்.

எங்கள் வீடு உவர்மலையில். வாசலில் நின்றால் துறைமுகம் தெரியும். மூதூருக்கு லோஞ்ச் படகில் போயிருக்கிறேன். ஆனால் துறைமுக வாயைத் தாண்டி வெளியே போனதில்லை. கோணேசர் கோயிலில் நின்று எத்தனையோ முறை கீழே கடலைப் பார்த்திருக்கிறேன். கடலில் நின்று மேலே கோயிலை ஒருமுறையாவது பார்க்கவேண்டும். சித்திரையில் திமிங்கிலமும் வரும். இவ்வளவுதான் என் ஆசை. கடைசிநாள் கட்டாயம் போட் என்று அண்ணா சொன்னார்.

வானில் எனக்குப் பின் சீற். பக்கத்தில் இனியனின் கதிரை, அதற்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டி, காலடியில் ரைஸ் குக்கர். பிள்ளைகளுக்குக் கடை உறைப்பு ஒத்துவராதாம். அநுராதபுரத்தில் இனியன் நித்திரை. எழுப்பினால் அழுவான் என்று நான் வானுக்குள் இருந்தேன். கண்டியில் சனம் அதிகம், சின்னவனைக் கொண்டுபோக ஏலாது. நுவரெலியாவில் பூக்காலம், ரோட்டோரமெல்லாம் பூ. அண்ணா அங்கே குசினியுள்ள வீடாகப் பார்த்து எடுத்திருந்தார். அதைப் பெருமையாகச் சொன்னார், எனக்கு வசதியாக இருக்குமென்று. அவர்கள் பூங்காவுக்குப் போய்வந்தபோது நான் பருப்பும் முட்டைப்பொரியலும் செய்து வைத்திருந்தேன். மச்சாள் தன் ஃபோனில் பூக்களைக் காட்டினா. ஒவ்வொரு பூவுக்கும் நல்லாயிருக்கு என்றேன். மச்சாள் நல்லவதான். எனக்குச் சொக்லேட்டும் கம்பளிச் சட்டையும் கொண்டுவந்திருந்தா. அதுதான் பெரிய கரைச்சல். கெட்டவர்கள் என்றால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வான் ஓட்டிய பாயிஸ் கிண்ணியாக்காரர். எல்லா இடத்திலும் மிச்சமாய் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான். சிகிரியாவிலிருந்து திரும்பும் வழியில் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டில் மற்றவர்கள் படம் எடுக்க இறங்கியபோது, அவர் கண்ணாடியால் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க ட்ரிப் வந்தீங்களா, டியூட்டிக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். பிறகு திருகோணமலை வரும்வரை அந்தக் கேள்வியையே புரட்டிக்கொண்டிருந்தேன். நிற்பது அவருக்கு வேலை. வான் அவருடையது, நாளைக்கு அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் எதற்காக நின்றேன்? அண்ணா கேட்டார், நின்றேன். அம்மா கூப்பிட்டார், எழும்பினேன். எனக்குள் ஓம் சொல்கிற ஒருத்தி இருக்கிறாள். நான் யோசிக்கத் தொடங்குமுன் அவள் பதில் சொல்லிவிடுவாள். அண்ணாமேல் வந்த கோபத்தில் பாதிக்குமேல் அவள்மேல்தான்.

கடைசி இரவு வீட்டில் தங்கவில்லை; திருகோணமலையிலேயே, உப்புவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் தங்கினோம். அங்கே அண்ணாவின் லண்டன் சிநேகிதர் ஒருவரும் மனைவியும் மகனும் வந்து சேர்ந்தார்கள். அண்ணாவும் சிநேகிதரும் கதைத்துக்கொண்டேயிருந்தார்கள். போட் போகிற கதையும் வந்தது. ஒன்றாகப் போவோம் என்று அண்ணா சொன்னது எனக்குக் கேட்டது. போட்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று யாரும் கேட்கவில்லை.

விடிய கடற்கரையில் போட் தண்ணீருக்குள் தள்ளி நிறுத்தப்பட்டிருந்தது. ஓட்டி றிஸ்கான், மெலிந்த இளம் ஆள், உயிர்காப்புச் சட்டைகளை மணலில் வரிசையாகப் போட்டார். ஆறு. நான் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, முதல் ஆளாக ஏறி முன்பக்கம் இருந்தேன். இனியனின் பை வழக்கம்போல என் தோளில், என் ஃபோனும் அதற்குள்.

றிஸ்கான் இனியனைப் பார்த்துத் தலையாட்டினார். "சேர், சின்னப் பிள்ளைய ஏத்தேலா. வெளியில கடல் அடிக்கிது. ஆறு பேர்தான்."

கரையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாக என்னைப் பார்த்தார்கள். யாரும் தீர்மானிக்கவில்லை, தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல எல்லாக் கண்ணும் என்னிடம் வந்தது. அண்ணா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து போட்டின் விளிம்பைப் பிடித்தார்.

"ரூபி, இவையளுக்கு நாளைக்குப் பிளைட். நீ இங்கதானே..."

"சொல்லாதேங்கோ" என்றேன்.

"என்ன?"

"அதை இன்னொருக்காச் சொல்லாதேங்கோ அண்ணா. நான் இறங்க மாட்டன்."

என் குரல் பெரிதாக இல்லை. பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணா சிரிக்கப் பார்த்தார். சிநேகிதரின் முன்னால் இப்படிச் செய்யாதே என்று மெதுவாகச் சொன்னார். பின்னேரம் எனக்காகத் தனியாக ஒரு போட் பிடித்துத் தருகிறேன் என்றார். பின்னேரம் அவர்கள் கொழும்புக்கு வெளிக்கிடுகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். சிநேகிதரின் மனைவி தாங்கள் நிற்கிறோம் என்றா. அண்ணா அது சரியில்லை என்றார். அவர்கள் நிற்பது சரியில்லை. மச்சாள் நிற்பதைப் பற்றிப் பேச்சே வரவில்லை, அவ விடுமுறையில் வந்தவ.

"அப்ப ஆர் இவனைப் பாக்கிறது?" என்றார் அண்ணா.

"தகப்பன் பாக்கட்டும்."

றிஸ்கான் குனிந்து எஞ்சினில் எதையோ திருகினார். மச்சாள் இனியனை அண்ணாவின் கையில் கொடுத்துவிட்டு ஏறினா. என்னைப் பார்க்கவில்லை.

போட் அலையை வெட்டிக்கொண்டு போனது. நான் கரையையே பார்த்தபடி இருந்தேன். அண்ணா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அந்த இடத்திலேயே நின்றார். பிள்ளை அழுகிறான் என்று உடம்பு வளைந்த விதத்தில் தெரிந்தது. அவனுக்குப் பசி நேரம். அப்போதுதான் தோளில் கனத்த பை நினைவுக்கு வந்தது. மச்சாளுக்கும் அதே நேரத்தில் வந்திருக்கவேண்டும்.

"ரூபி, பால்போத்தல் உங்கட பையிலயா?"

"ஓம்."

"ஐயோ. திருப்பச் சொல்லுவமா?"

றிஸ்கான் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். எனக்குள் இருக்கிற ஓம் சொல்கிறவள் வாயைத் திறந்துவிட்டாள். திருப்புங்கோ தம்பி என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"கடையில பால் இருக்கு" என்றேன். "அண்ணா இங்க பிறந்தவர்தானே. கடை எங்க எண்டு தெரியும்."

மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டா. போட் மறுபடி வேகமெடுத்தது. கரையில் அண்ணா ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளி நடக்கத் தொடங்கியது. எந்தப் பக்கம் போகிறது, ரோட்டுக்கா ஹோட்டலுக்கா என்று நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். திரும்பினேன். தண்ணீரில் ஒரு வழவழப்பான வட்டம் மட்டும் இருந்தது. அதுவும் கலைந்துகொண்டிருந்தது.

"வால் முழுக்க மேல வந்தது" என்றாள் மூத்தவள். "மாமி பாக்கேல்லயா?"

பார்க்கவில்லை. போட்டில் ஏறியும் பார்க்கவில்லை. இவ்வளவு சண்டை பிடித்து வந்து இருந்தும், கரையில் நின்ற அந்த மனிசனையும் பிள்ளையையும்தான் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சுட்டது.

பையைத் தோளிலிருந்து கழற்றி மச்சாளின் காலடியில் வைத்தேன். எழும்பி, கரைக்கு முதுகைக் காட்டி, மற்றப் பக்கம் திரும்பி இருந்தேன்.

"தம்பி, திரும்ப வருமா?"

"வரும் அக்கா. கொஞ்சம் நிண்டு பாப்பம்."

"நிண்டு பாப்பம். அதுக்கு முன்னம் கோயிலுக்குக் கீழால ஒருக்கா விடுங்கோ."

றிஸ்கான் போட்டைத் தெற்கே திருப்பினார். பாறை வளர்ந்துகொண்டே வந்தது. நான் நினைத்ததைவிடக் கறுப்பு, நான் நினைத்ததைவிட உயரம். அடியில் அலை ஏறி ஏறி விழுந்தது. உச்சியில் கோயில் சின்னதாக இருந்தது. அதன் மதில் ஓரத்தில் எறும்புகள்போல ஆட்கள் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பைக்குள் என் ஃபோன் அடித்தது. அடித்து நின்று மறுபடி அடித்தது. மச்சாள் பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா.

"அண்ணாவாத்தான் இருக்கும்" என்றா.

"ஓம்" என்றேன். தலையைத் திருப்பவில்லை. "நீங்கள் எடுத்துக் கதையுங்கோ."